வெள்ளிக்கோட்டின் கதை: பழைய கார்களின் அலுமினியப் பீடிங்கும் நாமும்

 

கொஞ்சம் நீண்ட பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பிள்ளைகளுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

அண்மைக் காலமாக எமது புத்தளம் பகுதியில் பழைய கார்கள் மீண்டும் வெளியே வரத் தொடங்கியிருக்கின்றன. தென்னந்தோட்டத்துக் கொட்டிலில் கிடாப்பை மூடிக் கிடந்தவை, வீட்டுப் பின்புறத்தில் கோழி அடைந்தவை என்று ஒவ்வொன்றாகக் கராஜுக்குப் போகின்றன. கலியாணத்துக்குப் பழைய கார் பிடிப்பது இப்போது நாடு முழுவதும் பரவிவிட்டது. மாப்பிள்ளை புதிய ஜப்பான் காரில் வந்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பழைய ஒஸ்டினிலோ வோக்ஸ்வாகனிலோ வந்து இறங்கினால் தெருவே கூடுகிறது.

எம்மிடம் படித்த பிள்ளைகள் சிலரும் இந்த வேலையில் இறங்கியிருக்கிறார்கள். நல்ல விடயம். அவர்களிடமிருந்து எமக்கு அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "சேர், கதவுக்குக் குறுக்கால ஓடுற அந்த வெள்ளிப் பீடிங்கு சாம்பல் நிறமா மங்கிப் போய்க் கிடக்கு. எப்பிடிப் பளபளக்க வைக்கிற? கோஸ்டிக் சோடா போட்டா சரியாகும் எண்டு சொல்றாங்களே, போடலாமா?"

ஒரு வரியில் பதில் சொல்லிவிடலாம். ஆனால் அந்த ஒரு வரி விளங்குவதற்கு இருநூறு வருடக் கதை ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அந்த வெள்ளிக்கோடு எங்கிருந்து வந்தது, அது ஏன் மங்கியது, அதன் மேல் என்ன இருக்கிறது என்று அறியாமல் தேய்க்கத் தொடங்கினால், தேய்த்து எடுத்ததைத் திருப்பி ஒட்ட முடியாது. பல கார்களுக்கு அந்தப் பீடிங்கைக் கடையில் வாங்கவும் முடியாது. எனவே கதையிலிருந்தே தொடங்குவோம்.

■ சீனாக்காரத்திலிருந்து வந்த பெயர்

அலுமினியம் என்ற பெயரின் வேர் எமது வீடுகளில்தான் இருக்கிறது. நாவிதர் முகம் வழித்த பின் தடவும் கட்டி, கலங்கிய கிணற்று நீரைத் தெளிய வைக்கப் போடும் கட்டி: படிகாரம் என்றும் சீனாக்காரம் என்றும் நாம் சொல்வது. இலத்தீன் மொழியில் அதன் பெயர் அலுமென். அந்தக் காரத்துக்குள் ஒளிந்திருக்கும் உலோகம் என்பதால் அலுமினியம் என்று பெயர் வந்தது.

பூமியின் மேலோட்டில் மிக அதிகமாக உள்ள உலோகம் இதுதான். நாம் மிதிக்கும் களிமண்ணிலும் இருக்கிறது. ஆனால் ஒட்சிசனோடு அவ்வளவு இறுக்கமாகப் பிணைந்து கிடப்பதால், இரும்பைப் போலக் கரி போட்டு எரித்துப் பிரிக்க முடியவில்லை. மனிதன் இரும்பை மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகக் கையாண்டு வந்தும், அலுமினியத்தைக் கண்ணால் காண 1825ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது. டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டட் அந்த வருடம் ஒரு சிறு கட்டியைப் பிரித்தெடுத்தார். 1827இல் ஜேர்மனியின் வோலர் அதைத் தூளாகப் பெற்றார். 1854இல் பிரான்சின் டெவில் கொஞ்சம் பெரிய அளவில் செய்யும் வழியைக் கண்டார். அவருக்குப் பணம் கொடுத்தவர் மூன்றாம் நெப்போலியன். இலேசான உலோகத்தில் படையினருக்குக் கவசம் செய்யலாம் என்பது அந்த மன்னரின் கனவு. 1855இல் பாரிஸ் கண்காட்சியில் அலுமினியக் கட்டிகள் வைக்கப்பட்டபோது மக்கள் அதைக் "களிமண்ணிலிருந்து வந்த வெள்ளி" என்றார்கள்.

1884இல் அமெரிக்காவின் வொஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் வைக்க ஒரு அலுமினியக் கூம்பு வார்க்கப்பட்டது. நிறை 100 அவுன்ஸ், அதாவது ஏறக்குறைய 2.8 கிலோகிராம். அன்று அதன் விலை வெள்ளிக்குக் கிட்டவாக இருந்தது. தூணில் ஏற்றுவதற்கு முன் அதை நியூயோர்க்கின் டிஃபனி நகைக்கடையில் காட்சிக்கு வைத்தார்கள். "வொஷிங்டன் தூணின் உச்சியையே தாண்டினேன்" என்று பெருமை பேசுவதற்காக ஆட்கள் வரிசையில் நின்று அதைத் தாண்டிக் குதித்தார்களாம்.

அதற்கு இரண்டே வருடங்களில் கதை தலைகீழாக மாறியது. 1886இல் அமெரிக்காவில் சார்ல்ஸ் மார்ட்டின் ஹோல், பிரான்சில் போல் ஏரூ என்ற இரண்டு இளைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமல், ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். அலுமினியம் ஒட்சைட்டை உருகிய கிரையோலைட்டில் கரைத்து மின்பகுப்புச் செய்வது. இருவரும் பிறந்தது 1863இல். இருவரும் இறந்தது 1914இல். ஹோல் இதைச் செய்தது வீட்டோடு ஒட்டிய விறகுக் கொட்டிலில். இரசாயனம் படித்திருந்த அவருடைய சகோதரி ஜூலியா கூடவே இருந்தார். எமது மாணவர்களுக்கு நாம் திரும்பத் திரும்பச் சொல்லும் உதாரணம் இது: பெரிய ஆய்வுகூடம் இல்லை என்பது ஒரு காரணமே அல்ல.

1888 அளவில் பேயர் என்ற ஒஸ்திரிய இரசாயனவியலாளர் மற்றப் பாதியை முடித்துக் கொடுத்தார். பொக்சைட் என்ற செம்மண் பாறையைச் சூடான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் போட்டால், அலுமினியம் ஒட்சைட்டு மட்டும் கரைந்து வரும். இரும்புச் சேறு கீழே தங்கிவிடும். இந்தச் சோடியம் ஐதரொட்சைட்டுத்தான் எமது கடைகளில் விற்கும் கோஸ்டிக் சோடா. பேயரின் இந்தப் பெயரை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் கேட்ட கேள்விக்கான பாதிப் பதில் இங்கேதான் இருக்கிறது.

■ மங்கல் ஒரு போர்வை

இரும்பு துருப்பிடித்தால் துரு உதிரும். அடியிலிருந்து புதிய இரும்பு வெளிப்பட்டு மீண்டும் துருப்பிடிக்கும். கடைசியில் தகடே இல்லாமற் போகும். அலுமினியம் அப்படியல்ல. வெட்டிய கணமே அதன் மேல் ஒட்சைட்டுப் படலம் ஒன்று உண்டாகிவிடும். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. ஆனால் உதிராது, ஒட்டிக்கொண்டு நிற்கும். காற்றும் நீரும் உள்ளே போகாமல் தடுக்கும். அலுமினியம் தனக்குத்தானே போர்த்திக்கொள்ளும் போர்வை அது.

இந்தப் போர்வைக்கு இரண்டு பகைவர்கள். காரமும் உப்பும்.

காரத்தைப் பற்றி எமது உம்மாமார் இரசாயனம் படிக்காமலேயே அறிந்து வைத்திருந்தார்கள். அலுமினியச் சட்டியைச் சாம்பல் போட்டு ஊற வைத்தால் அது கறுக்கும். புளி சேர்ந்த கறி கொதித்தால் சட்டியின் உட்புறம் வெளுக்கும். சாம்பலில் உள்ளது காரம், புளியில் உள்ளது அமிலம். சாதாரண தர விஞ்ஞானப் புத்தகத்தில் நாம் படிப்பிக்கும் பாடம் அந்த அடுப்படியிலேயே இருந்தது.

உப்பைப் பற்றிப் புத்தளத்தாருக்குச் சொல்லத் தேவையில்லை. களப்பும் உப்பளமும் கடற்காற்றும் எம்மைச் சுற்றி இருக்கின்றன. உப்பில் உள்ள குளோரைட்டு ஒட்சைட்டுப் படலத்தைப் புள்ளி புள்ளியாகத் துளைக்கும். மலைநாட்டில் சாம்பல் நிறமாக மட்டும் மங்கும் ஒரு பீடிங், கற்பிட்டி வீதியில் நிற்கும் காரில் வெள்ளைப் பொடி பூத்து, அதன் அடியில் ஊசி முனை போன்ற குழிகளோடு இருப்பது இதனால்தான். இரும்பு ஆணியோ கிளிப்போ தொடும் இடத்தில் இன்னும் மோசம். உப்பு ஈரம் நடுவில் இருந்தால் அந்த இரண்டு உலோகங்களும் சேர்ந்து ஒரு சிறிய பற்றரியாகிவிடும். அதில் கரைந்து போவது எப்போதும் அலுமினியம்தான்.

இந்தக் கடல் நீர்ப் பிரச்சினையிலிருந்துதான் எமது கதையின் முக்கியமான கட்டம் பிறந்தது. முதலாம் உலக யுத்தத்துக்குப் பின், நீரில் இறங்கும் விமானங்களை அலுமினியக் கலப்புலோகத்தில் செய்த பிரித்தானியர்களுக்குக் கடல் நீர் பெரும் தொல்லையாக இருந்தது. 1923இல் பெங்கோ, ஸ்டுவர்ட் என்ற இருவர் ஒரு வழி கண்டார்கள். அலுமினியத் துண்டை அமிலத்தில் அமிழ்த்தி, அதையே அனோட்டாக்கி மின்சாரம் செலுத்தினால், இயற்கையான படலத்தைவிடப் பல மடங்கு தடித்த ஒட்சைட்டுப் படலம் வளரும். அனோட்டு என்பதால் இந்த வேலைக்கு அனோடைசிங் என்று பெயர். 1927இல் சல்பூரிக் அமிலத்தில் இதைச் செய்யும் முறை வந்தது. இன்றும் பெரும்பாலும் அதுதான்.

கார்ப் பீடிங்கில் உள்ள அனோடைஸ் படலம் ஒரு தலைமயிரின் தடிப்பில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் இருக்கும். கண்ணாடி போலத் தெளிவானது, ஆனால் கடுமையானது. தொழிற்சாலையில் முதலில் உலோகத்தைப் பளபளப்பாக்கி, பிறகு இந்தக் கண்ணாடிப் போர்வையைப் போர்த்தினார்கள். எனவே நாம் பழைய காரில் காணும் வெள்ளிக்கோட்டில் மினுங்குவது அடியில் உள்ள உலோகம். நாம் தொடுவது மேலே உள்ள படலம். இதை விளங்கிக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

■ யுத்தத்திலிருந்து தெருவுக்கு

இந்த உலோகம் கார்களுக்கு வந்த வழியும் யுத்தத்தின் வழிதான்.

ஆரம்பகாலக் கார்களில் மினுங்கியது பித்தளை. பிறகு நிக்கல். 1920களின் பிற்பகுதியிலிருந்து குரோம் பூச்சு. அலுமினியம் அப்போது பெரும்பாலும் விமானங்களுக்குரியது. 1940 ஜூலையில் பிரித்தானிய விமான உற்பத்தி அமைச்சர் பீவர்புரூக் பிரபு, வீட்டுப் பெண்களிடம் அலுமினியச் சட்டி பானைகளைத் தருமாறு கேட்டார். அவற்றை உருக்கி விமானம் செய்வதாகச் சொன்னார். சட்டிகள் மலைபோலக் குவிந்தன.

யுத்தம் முடிந்ததும் நிலைமை மாறியது. பிரித்தானியாவில் உருக்குக்குக் கடும் தட்டுப்பாடு, பங்கீட்டில்தான் கிடைத்தது. விமானத் தொழிற்சாலைகள் ஓய்ந்ததால் அலுமினியம் மட்டும் இருந்தது. ரோவர் நிறுவனம் அதைப் பயன்படுத்தி ஒரு விவசாய வாகனம் செய்தது. 1948 ஏப்ரல் 30ஆம் திகதி அம்ஸ்டர்டாம் கண்காட்சியில் அறிமுகமான அந்த வாகனம்தான் லேண்ட் ரோவர். சட்டகம் உருக்கு, உடல் தகடுகள் பேர்மாபிரைட் என்ற அலுமினிய மக்னீசியக் கலப்புலோகம். தட்டுப்பாட்டுக்காகச் செய்த அந்த ஏற்பாடே அதன் ஆயுளை நீட்டியது. தோட்டங்களிலும் அரச திணைக்களங்களிலும் ஓடிய பழைய லேண்ட் ரோவர்கள் எமது நாட்டில் இன்றும் நிற்பதற்கு ஒரு காரணம் அந்தத் துருப்பிடிக்காத தகடு.

லண்டன் போக்குவரத்துப் பகுதியும் யுத்த காலத்தில் வேறு நிறுவனங்களோடு சேர்ந்து 700க்கும் மேற்பட்ட ஹலிஃபக்ஸ் குண்டுவீச்சு விமானங்களைச் செய்தது. அலுமினியத் தகட்டை வளைத்து றிவெட் அடிக்கக் கற்ற அந்தக் கைவண்ணம், பின்னர் 1950களில் உருவான ரூட்மாஸ்டர் என்ற இரண்டு தட்டு பஸ்ஸின் உடலுக்குப் போனது. 1980களின் இறுதியில் அந்த ரக பஸ்கள் சில இலங்கைக்கும் வந்து ஓடின.

அமெரிக்காவில் 1950 முதல் 1953 வரை நடந்த கொரிய யுத்தத்தின்போது நிக்கல் இராணுவத்துக்குப் போய்விட்டது. குரோம் பூச்சின் அடியில் நிக்கல் படை வேண்டும். அது குறைந்ததால் அக்கால கார்களின் குரோம் சீக்கிரமே உரிந்தது. அதன் பின்வந்த ஆண்டுகளில் கார்க் கம்பனிகள் மாற்று வழி தேடின: துருப்பிடிக்காத உருக்கும் அனோடைஸ் செய்த அலுமினியமும். இலேசு, மலிவு, உரியாது. 1950களின் இறுதியிலிருந்து கிறில், ஜன்னல் ஓரம், கதவுக் கோடு எல்லாம் அலுமினியமாகத் தொடங்கின. ஜேர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டிலில் பக்கவாட்டிலும் பொனட்டின் நடுவிலும் கால்படியின் ஓரத்திலும் ஓடும் கோடுகள் அப்படிப்பட்டவைதான்.

■ எமது நாட்டில் அவை ஏன் பிழைத்தன?

மற்ற நாடுகளில் பத்துப் பதினைந்து வருடத்தில் நசுக்கப்பட்டுப் போன கார்கள் எமது நாட்டில் ஐம்பது அறுபது வருடம் வாழ்ந்தன. அன்பினால் மட்டுமல்ல, வேறு வழியில்லாததாலும்தான். 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி வந்தது. கார் இறக்குமதி இறுகியது. 1977இல் பொருளாதாரம் திறக்கப்படும் வரை இருந்த காரை ஓட்டியே ஆகவேண்டும். உதிரிப்பாகம் இல்லாவிட்டால் செய்துகொள்ள வேண்டும். எமது டிங்கர் பாஸ்மாரின் கைத்திறன் அந்தப் பள்ளிக்கூடத்தில் வளர்ந்தது. அந்தத் திறன் எவ்வளவு தூரம் போனது என்றால், 1990களில் மொரிஸ் மைனரின் உடல் தகடுகள் இலங்கையில் செய்யப்பட்டு, அந்தக் கார் பிறந்த இங்கிலாந்துக்கே ஏற்றுமதியாகின.

யாழ்ப்பாணத்தில் யுத்த காலப் பொருளாதாரத் தடையின்போது பெற்றோல் கிடைக்காமல், பழைய ஒஸ்டினும் மொரிஸும் மண்ணெண்ணெயில் ஓடின. சில துளி பெற்றோலில் எஞ்சினை உயிர்ப்பித்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். புதிய கார்களால் அது முடியவில்லை.

ஆனால் அந்தக் காலத்தில் எமது வடமாகாண முஸ்லிம் உறவுகள் அங்கே இல்லை. 1990 ஒக்டோபரில் வீடு, கடை, வாகனம் எல்லாவற்றையும் விட்டுவிட்டுத்தான் அவர்கள் வெளியேற்றப்பட்டார்கள். பலர் எமது புத்தளத்துக்கே வந்து சேர்ந்தார்கள். வாப்பாவின் கார் என்று சொல்ல அவர்களிடம் இருப்பது, யாராவது பத்திரப்படுத்தியிருந்தால், ஒரு புகைப்படம் மட்டும்தான். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளும் இன்று எமது வகுப்புகளில் இருக்கிறார்கள். கொட்டிலில் மங்கிக் கிடக்கும் ஒரு பழைய காரை "பழைய இரும்பு" என்று சொல்லும்போது இதை நாம் நினைத்துக்கொள்ள வேண்டும். ஒரு குடும்பத்தின் கையில் தங்கிய பொருள் என்பது எல்லோருக்கும் கிடைத்த பாக்கியம் அல்ல.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறக்கப்பட்டது. அந்த ஐந்து வருடத்தில் இருப்பதைப் பழுதுபார்த்து ஓட்டும் பழக்கம் மீண்டும் வந்தது. பழைய கார்களின் பெறுமதியை எமது இளைஞர்கள் உணர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

■ சரி, எப்படித் துலக்குவது?

இப்போது கேள்விக்கு வருவோம்.

1. முதலில் அது அலுமினியமா என்று பாருங்கள். காந்தம் ஒட்டினால் அது அலுமினியம் அல்ல. ஒட்டாவிட்டால் அலுமினியமாக இருக்கலாம், துருப்பிடிக்காத உருக்காகவும் இருக்கலாம், நாகக் கலவையில் வார்த்துக் குரோம் பூசியதாகவும் இருக்கலாம். கழற்றிக் கையில் எடுத்தால் நிறை சொல்லிவிடும். அதே அளவு உருக்கின் மூன்றில் ஒரு பங்குதான் அலுமினியம். லேண்ட் ரோவர்காரர்கள் கவனிக்க: தகடுதான் அலுமினியம். பழைய மொடல்களின் பம்பரும் ஓரப் பட்டிகளும் நாகம் பூசிய உருக்கு. அதைப் பளபளக்கத் தேய்த்தால் நாகம் போய் துரு வரும்.

2. பிறகு அனோடைஸ் படலம் இருக்கிறதா என்று பாருங்கள். எலெக்ட்ரிக் வேலை செய்பவரிடம் உள்ள மீட்டர் போதும். இரண்டு முனையையும் பீடிங்கின் மேல் அழுத்தாமல் இலேசாக வையுங்கள். ஒட்சைட்டு மின்சாரத்தைக் கடத்தாது. எனவே சத்தம் வராவிட்டால் படலம் இருக்கிறது. சத்தம் வந்தால் வெறும் உலோகம்.

3. படலம் நன்றாக இருந்தால் தேய்க்கவே வேண்டாம். இளஞ்சூடான நீரில் கொஞ்சம் சோப்பு, மென்மையான துணி, கடைசியில் கார் வெக்ஸ். பெரும்பாலான மங்கல் பல வருடத்து அழுக்குத்தான். பத்தில் சில கார்களுக்கு வேலை இத்தோடு முடிந்துவிடும். பொலிஷ் பசையை இந்தப் படலத்தின் மேல் எவ்வளவு தேய்த்தாலும் அடியில் உள்ள மங்கல் போகாது. படலத்தில்தான் கீறல் விழும்.

4. படலம் திட்டுத் திட்டாகப் போயிருந்தால், அடியில் குழி விழுந்திருந்தால் மட்டுமே அதை அகற்ற வேண்டும். இங்கேதான் கோஸ்டிக் சோடா வருகிறது. பேயர் பொக்சைட்டைக் கரைத்த அதே பொருள் இந்த ஒட்சைட்டையும் கரைக்கும், உண்மைதான். ஆனால் அது அங்கே நிற்காது. படலம் போனதும் உலோகத்தையே தின்னத் தொடங்கும். ஐதரசன் வாயு பொங்கும், கரைசல் கொதிக்கும். ஐதரசன் தீப்பற்றக்கூடியது. கண்ணில் ஒரு துளி பட்டால் பார்வையே போகலாம். வீட்டு முற்றத்தில், பிள்ளைகள் ஓடித் திரியும் இடத்தில், பிளாஸ்டிக் வாளியில் கண் அளவுக்குக் கலந்து செய்யும் வேலையல்ல இது. அனோடைசிங் செய்யும் இடங்களில் அளவாகக் கலந்து, நேரம் பார்த்து எடுப்பார்கள். அங்கே கொடுங்கள். சில்லுக் கழுவும் அமிலங்கள் சிலவற்றில் ஐதரோபுளோரிக் அமிலம் இருக்கும். அது தோலைத் தாண்டி எலும்பு வரை போகும். போத்தலில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்காமல் தொட வேண்டாம்.

5. வெறும் உலோகமாகிய பின்தான் தேய்ப்பு. நெளிவு இருந்தால் முதலில் பின்புறத்திலிருந்து மரத்துண்டால் மெதுவாக எடுக்க வேண்டும். பிறகு சான்ட் பேப்பர்: 400, 600, 1000, 1500, 2000 என்று படிப்படியாக, தண்ணீர் தொட்டு, நீளவாக்கில். ஒரு படியின் கீறல் முழுவதும் போன பிறகே அடுத்த படி. இடையில் ஒன்றைத் தாண்டினால் கடைசியில் வெயிலில் பிடித்துப் பார்க்கும்போது அந்தக் கீறல் காட்டிக்கொடுத்துவிடும். இறுதியில் பருத்தித் துணிச் சில்லு, பொலிஷ் பசை. துணி கறுப்பாகும். அந்தக் கறுப்பு அழுக்கல்ல. அது உங்கள் பீடிங்கிலிருந்து வந்த அலுமினியம். இரும்பு நார் பயன்படுத்த வேண்டாம். அதன் துகள்கள் சிக்கிக்கொண்டு பிறகு துருப் புள்ளியாகும்.

6. மூக்குக்கு மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். அலுமினியத் தூள் காற்றில் பரவினால் ஒரு தீப்பொறியில் பற்றிக்கொள்ளும். பக்கத்தில் வெல்டிங் நடக்கும் கராஜில் இந்த வேலை வேண்டாம்.

7. துலக்கி முடிந்த வெறும் அலுமினியம் எமது கடற்காற்றில் சில வாரங்களிலேயே மங்கத் தொடங்கும். மீண்டும் அனோடைஸ் செய்வதே நிலையான தீர்வு. முடியாவிட்டால் மாதம் ஒரு முறை வெக்ஸ், கடற்கரைப் பயணத்துக்குப் பின் நல்ல தண்ணீரில் கழுவல். திரும்பப் பூட்டும்போது இரும்புக் கிளிப்புக்கும் அலுமினியத்துக்கும் இடையில் மெல்லிய றப்பரோ பிளாஸ்டிக்கோ வையுங்கள்.

■ எவ்வளவு பளபளப்பு போதும்?

நாம் சொல்ல விரும்பும் முக்கியமான விடயம் இதுதான். ஒவ்வொரு தேய்ப்பும் கொஞ்சம் உலோகத்தை எடுத்துச் செல்கிறது. பீடிங்கில் பொறித்த எழுத்தின் விளிம்பு முதலில் மழுங்கும். பிறகு கோட்டின் முனை தேயும். நாலைந்து கலியாண சீசனுக்கு முன்னும் பின்னும் தேய்த்தெடுத்த பீடிங் கடைசியில் தகரத் துண்டு போல நெளிந்து நிற்கும். அதைக் கழற்றி எறிந்துவிட்டு வெள்ளிப் பூச்சுப் பிளாஸ்டிக் பட்டியை ஒட்டுகிறார்கள். புகைப்படத்தில் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே இருந்த அறுபது வருடம் போய்விட்டது.

அந்த நெளிவு ஒருவேளை யாரோ ஒரு மர்ஹூம் தன் சைக்கிளைச் சாத்தி வைத்ததால் வந்திருக்கலாம். அந்தக் கீறல் உம்மம்மாவின் பெட்டி பட்டதால் வந்திருக்கலாம். எல்லா நெளிவையும் எடுக்க வேண்டும் என்று சட்டம் ஏதும் இல்லை. கழுவி, வெக்ஸ் போட்டு, மங்கலான வெள்ளியாகவே விடப்பட்ட ஒரு பீடிங் தன் வயதைச் சொல்லிக்கொண்டு நிற்கும். கலியாணக் காருக்கு அதைவிட வேறு என்ன அழகு வேண்டும்? வயதானவர்களை நாம் மதிப்பது அவர்களின் முகச் சுருக்கத்தைத் தேய்த்து எடுத்துவிட்டா?

எனவே தம்பிமாருக்கு எமது பதில்: கழுவுங்கள். பாருங்கள். தேவையென்றால் மட்டும், தேவையான அளவு மட்டும் தேயுங்கள். கோஸ்டிக்கை வீட்டில் தொடாதீர்கள். கழற்றிய பழைய பீடிங்கை, எவ்வளவு நெளிந்திருந்தாலும், எறியாதீர்கள். அது அடுத்த துண்டைச் செய்யும் பாஸுக்கு அளவு காட்டும் அச்சு. அந்த பாஸ்மாரும் இப்போது குறைந்து வருகிறார்கள். முடிந்தால் ஒரு வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் அவர்களிடம் போய் உட்கார்ந்து, கை எப்படிப் போகிறது என்று பாருங்கள். இது எந்தப் புத்தகத்திலும் இல்லாத பாடம்.

உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். எமது ஊர்களில் முதலில் கார் வைத்திருந்தவர்கள் யார், எந்தக் கார், அது எங்கே போனது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதுங்கள். பழைய படங்கள் இருந்தால் பின்புறத்தில் திகதி, இடம் எழுதி வையுங்கள். வடக்கிலிருந்து வந்த குடும்பங்கள் தம்மிடம் உள்ள படங்களையும் பகிர்ந்துகொண்டால் மிகவும் நல்லது. பாடசாலை வரலாற்று மூலைக்காக நாம் அவற்றைத் தொகுக்க நினைத்திருக்கிறோம், இன்ஷா அல்லாஹ். கார் மிஞ்சாத வீட்டில் அதன் கதையாவது மிஞ்சட்டும்.